புங்கா இல்லாத டயர்

அப்பாவின் மோட்டாரில் ஏறினால் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஊரே கப்ச்சாய் என்று சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள் அது. பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்க வேண்டிய அப்சோபர் இரண்டும் எண்ணெயைக் கக்கிவிட்டு எப்போதோ ஓய்வு பெற்றிருந்தன. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. முன்னால் அப்பாவின் கைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சட்டத்தை மீறி 'ஆ' என்று ராகம் இழுப்பேன். ஒவ்வொரு குழிக்கும் என் குரல் துண்டு துண்டாகி வெளியே வரும். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு விளையாட்டு கிடைக்காது.

நாங்கள் இருந்தது கோப்பெங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டு வெகுகாலமாகியும் ஆட்கள் அதை ரப்பர் தோட்டம் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய சாலை வரைக்கும் செம்மண் பாதை. அதில் போய், அப்புறம் லாரிகளோடு லாரியாக ஈப்போவிலிருந்த கையுறைத் தொழிற்சாலைக்கு அப்பா தினமும் போய் வந்தார். மழை பெய்தாலும் அதே மோட்டார்தான்.

நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு வாரக் கடைசியில் தைப்பிங்கில் பெரியம்மா புது வீடு குடிபுகுவதாக இருந்தது. அம்மா சனிக்கிழமை காலையிலேயே பஸ்ஸில் போய்ச் சமையலுக்கு உதவுவது, அப்பாவும் நானும் மோட்டாரில் பின்னால் போவது என்று ஏற்பாடு. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. பஸ் என்றாலே எனக்கு வாந்தி. ஈப்போவைத் தாண்டுவதற்குள் அம்மாவின் மடி, பக்கத்தில் இருப்பவரின் செருப்பு எல்லாம் போய்விடும். அதனால் 'நான் அப்பாகூட மோட்டார்ல தைப்பிங் போறேன்' என்று பள்ளிக்கூடத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தேன்.

புதன்கிழமை மழையில் அப்பா வழுக்கி விழுந்தார். முழங்கையில் தோல் போயிருந்தது, அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னையும் ஏற்றிக்கொண்டு அப்பா கோப்பெங்கில் இருந்த மோட்டார் கடைக்குப் போனார். கடைக்காரச் சீனரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் குனிந்து பின்டயரைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புங்கா சுடா ஹாபிஸ் லா, அண்ணே."

புங்கா முடிந்துவிட்டதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பில் மலாய் படிக்க ஆரம்பித்திருந்தேன். புங்கா என்றால் பூ. புத்தகத்தில் செம்பருத்திப் படம் போட்டுப் பக்கத்தில் எழுதியிருந்ததை நானே வண்ணம் தீட்டியிருந்தேன். அப்பாவோ சம்பளம் வரட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஒரு பூவுக்கு எதற்குச் சம்பளம் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டில் அம்மா விடவில்லை. "புங்கா இல்லாத டயர்ல பிள்ளைய ஏத்திட்டுப் போவீங்களா? தைப்பிங்ல எப்பப் பாத்தாலும் மழை லா. புங்கா இருந்தா மோட்டார்ல வரட்டும். இல்லாட்டி என்னோட பஸ்ல வரட்டும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். அப்படிப் போனால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். என் தைப்பிங் பயணம் ஒரு பூவில் வந்து நின்றது. அதுவும் ஆயுத பூசைக்கு அப்பாவே இந்த மோட்டாருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பூ காய்ந்து உதிர்ந்திருக்கும், அதனால்தான் வழுக்கியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களுக்கு இத்தனை நாளா என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக எழுந்தேன். ராத்திரி பெய்த மழையில் வாசல் நனைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு வேலியிலிருந்த செம்பருத்தியை ஒரு பூ விடாமல் பறித்தேன். அது போதவில்லை. பெரியம்மா வீட்டு வாசலுக்கென்று முந்தின நாள் அப்பா ஈப்போவில் வாங்கிய செவ்வந்தி மாலை குளிர்பெட்டியில் இருந்தது. கொஞ்சம்தானே என்று எடுத்தேன். செம்பருத்தியைச் சக்கரத்துக் கம்பிகளில் செருகி, ராஃபியா கயிற்றால் எனக்குத் தெரிந்த எல்லா முடிச்சும் போட்டேன். மாலையில் பாதியைப் பிரித்து டயரைச் சுற்றிக் கட்டினேன். மீதிப் பாதியின் இரண்டு முனையையும் முடிந்தேன். அதை வீணாக்குவானேன் என்று, இருக்கையின் மேல் கிடந்த அப்பாவின் ஹெல்மெட்டுக்குப் போட்டுவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக அந்த மோட்டார் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அம்மா விளக்குமாற்றோடு வெளியே வந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றார். விளக்குமாறு கீழே விழுந்தது. நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்து ஹெல்மெட்டிலிருந்த மாலையை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார். பிறகு உள்ளே ஓடித் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் போட்டு உலுக்கினார். சரி, மாலையை எடுத்தது தெரிந்துவிட்டது, இன்றைக்கு நமக்கு உதைதான் என்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

கைலியை இறுக்கிக்கொண்டே அப்பா வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். யார் பண்ணியது என்று கேட்டார். நான் தலையை மட்டும் நீட்டி, "புங்கா போட்டேன்ப்பா. இனிமே வழுக்காது" என்றேன்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். நின்று சிரிக்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, தன் செம்பருத்தி போனதையும் மறந்து சேர்ந்து சிரித்தார். அம்மா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கே டயர மாத்துங்க" என்றார். சம்பளம் என்று அப்பா ஆரம்பித்தார். "இன்னிக்கே" என்றார் மறுபடியும். அப்பா கத்தியைத் தேடி உள்ளே போனார்.

டயரைச் சுற்றிக் கட்டியதை அப்பா அறுத்துப் போட்டார். கம்பிகளில் கட்டிய பூவைத் தொடக்கூடாது என்று நான் அடம்பிடித்தேன். அவர் அதை விட்டுவிட்டார். அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு, பூச்சுற்றும் சக்கரத்தோடு நாங்கள் கடைக்குப் போனோம். சாலையோரத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். தவுக்கே பார்த்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார், மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டார், பிள்ளைகள் பக்கத்துக் கடையைக் கூப்பிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் தவுக்கே என் விரலைப் பிடித்து ஒரு புது டயரின் மேல் வைத்தார். வரி வரியாகப் பள்ளம். இதுதான் புங்காவாம். மழைத்தண்ணீர் இதன் வழியாக ஓடிவிடும், டயர் தரையை விடாதாம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது பூ மாதிரி இல்லை. எனக்கு மிகுந்த ஏமாற்றம்.

தவுக்கே இரண்டு டயரை எடுத்து வைத்தார். ஒன்று நகம் இறங்காத கெட்டி. நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். மற்றது மிருது. சீக்கிரம் தேயும், மழையில் பிடித்துக்கொள்ளும். உழைக்கிற சாமானைத் தவிர வேறெதையும் வாங்கியறியாத அப்பா, மிருதுவானதைக் காட்டினார். சம்பளம் வந்ததும் கொடுப்பதாகச் சொல்லி அப்சோபரையும் மாற்றச் சொன்னார். மாற்றியதும் தவுக்கே இருக்கையை அமுக்கிவிட்டார். முன்பெல்லாம் நாலு தடவை குதிக்கும் மோட்டார், ஒரே தடவை மேலே வந்து மரியாதையாக நின்றது.

தைப்பிங் மழை எங்களுக்காகக் காத்திருந்தது. வளைவுகளில் அப்பா மெல்லச் சாய்த்தார், டயர் சாலையைக் கவ்விக்கொண்டு வந்தது. நான் 'ஆ' என்று இழுத்துப் பார்த்தேன். குரல் உடையவே இல்லை. நேராகப் போயிற்று. அப்பாவும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து 'ஆ' என்றார். மழைக்கோட்டுக்குள் இருவரும் கத்திக்கொண்டே போனோம். என் வாழ்வில் அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்ததில்லை.

பெரியம்மா வீட்டு வாசலில் அம்மா குடையில்லாமல் நின்றிருந்தார். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றியதும் அப்பாவின் ஈரத் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். காலையிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது நினைத்தால் புரிகிறது: நனைந்த வாசலில், ஆளில்லாத மோட்டாரில், மாலை போட்ட ஹெல்மெட் ஒன்றை அம்மா விடியலில் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிந்த மாலையெல்லாம் சாமிக்கும் கல்யாணத்துக்கும் ஆயுத பூசைக்கும் போடுவதுதான். வேறு யாருக்கும் மாலை போடுவார்கள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. பெரியம்மாவின் மாலையை வீணாக்கிய கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன். அம்மாவைச் சமாதானப்படுத்தியே ஆக வேண்டும் என்று கிட்டப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அம்மா, இனிமே டயருக்குப் போட்டு வீணாக்க மாட்டேன். அப்பா ஹெல்மெட்டுக்கு மட்டும் போடுறேன், சரியா?"

அம்மா என்னைத் தூக்கி மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு அழுதார். நல்லதாகத்தானே சொன்னேன் என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.