கழற்றாத கொக்கி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நல்லூரில் பௌதிகம் படிப்பித்தவள் வேறு எப்படி இருப்பாள்? நீங்களும் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இது நடந்தது.

ரஷ்யக் கலமும் அமெரிக்கக் கலமும் விண்வெளியில் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட வருடம். பாடசாலைக் கண்காட்சிக்கு அதைப் போலச் செய்துதரச் சொல்லி அண்ணையை அரித்தெடுத்தேன். அவர் நல்லூருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், தொய்வுக்காரர், மூச்சு இழுக்க இழுக்க வேலை செய்வார். இரண்டு தகரப் பீப்பாய்களை வாயோடு வாய் வைத்துக் கொக்கிகளால் பிணைத்தார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே றப்பர் வைத்த கதவு, இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதிலுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்ட முள் வைத்த ஒரு அமுக்கமானி.

கலங்கள் பிரியுமுன் இரண்டு கதவையும் சாத்தி, நடுவிலுள்ள காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு முள் அசையாமல் நிற்க வேண்டும். ஏறினால் கதவு கசிகிறது, அப்போது கொக்கியைக் கழற்றினால் உள்ளேயிருப்பவருக்கு மூச்சு இல்லை. இதைத்தான் நான் செய்துகாட்ட இருந்தேன்.

அன்று காலை அண்ணைக்குத் தொய்வு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நீ போய் உன்ரை வேலையைப் பார்" என்று என்னைத் துரத்திவிட்டார்.

பின்னேரம் நாலு மணி, மண்டபம் நிறையச் சனம். பம்பால் காற்றை உறிஞ்சினேன். முள் இறங்கி நின்றது. பிறகு சட்டென்று ஏறி, இழுத்து இழுத்து இறங்கியது. திரும்ப ஏறியது. சின்ன வயதிலிருந்து பக்கத்துப் பாயில் நான் கேட்ட அதே இழுப்பு. கொக்கிக்குப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"டீச்சர், கழட்டிக் காட்டுங்கோவன், சனம் பாத்துக்கொண்டு நிக்குது" என்றார் பாடசாலை அதிபர்.

"ஏலாது சேர். முள் நிக்கேல்லை."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அண்ணை எழும்பியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு மூச்சு நின்றே போனதாம், பிறகு தானாக வந்ததாம். நான் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்.

"நீ கொக்கியைக் கழட்டேல்லைத்தானே?"

பீப்பாய்களை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தொட இருவருக்கும் பயம். அண்ணை அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தார், காய்ச்சலில் போனார். செத்தவீட்டுச் சனம் போனதும் பீப்பாய்கள் இருந்த அறைக்குள் போய்ப் பார்த்தேன். முள் நிற்கவில்லை. ஆனால் அந்த இழுப்பு இல்லை, என் மூச்சுக்கு ஒத்து நிதானமாக ஏறி இறங்கியது.

அந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். போன கிழமையிலிருந்து முள் கொஞ்சம் மெதுவாக அசைகிறது.