நவாப் தோற்ற கரை

என் கணவருக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் கோயிலோ கடையோ கண்ணில் படாது. என்றைக்கோ யாரோ அடித்துக்கொண்டு செத்த மைதானத்தைத் தேடிக்கொண்டு போவார். போனால் அங்கே ஒன்றும் இருக்காது. புல் இருக்கும், மாடு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார். எனக்குக் கால் கடுக்கும். அப்படிப்பட்டவருக்கு என் சொந்த ஊரில், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், பிரெஞ்சுக்காரர்களும் ஆற்காட்டு நவாப் படையும் மோதிய இடத்தைப் பார்க்க மட்டும் கொடுத்துவைக்கவில்லை. சென்னை வந்தபோதெல்லாம் யார் வீட்டுக் கல்யாணமாவது வந்து லீவை விழுங்கிவிடும்.

போன ஆடியில் அவர் போய்விட்டார். இந்த முறை தங்கை மகள் கல்யாணத்துக்குத் தனியாக வந்தேன். திரும்புவதற்குள் அவருக்காக அந்த இடத்தில் ஒரு தடவை நின்றுவிட வேண்டும் என்று இருந்தது.

தங்கைக்கோ பத்திரிகை வைக்க வேண்டும். என்னைத் தனியாக விட மனசு வரவில்லை என்று வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டாள். வீட்டு வாசல் வந்ததும் வெயில், மாடிப்படி என்று ஏதாவது சொல்லி என்னைக் காரிலேயே உட்கார வைத்தாள். தி. நகரில் மரம் மூடிய தெரு, அங்கே வெயில். மயிலாப்பூரில் தரைத்தள வீடு, அதற்கு மாடிப்படி. புருஷன் போனவள் கையால் குங்குமம் கொடுத்து அழைக்கக் கூடாது என்று நேராகச் சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாம். அந்தத் தைரியமும் அவளுக்குக் கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீடு முடிந்ததும், ஆறு பக்கத்தில்தானே, போய்விட்டு வரலாம் என்றேன். கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் செத்த இடத்துக்கு யாராவது போவார்களா என்றாள். நான் டிரைவரிடம் சொன்னேன். மேப்பில் போர் நினைவுச் சின்னம் என்று காட்டுகிறது, அங்கே விடட்டுமா என்றார் அவர். அது வேறே என்றேன். இறங்கிப் போய் ஓர் அடுக்குமாடிக் காவலாளியை விசாரித்துவிட்டு வந்தார்.

“இங்க டெய்லி நடக்கறது பார்க்கிங் சண்டதானாம். நவாபு சண்டலாம் இன்னான்னே தெரிலயாம்மா.”

தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே சென்னைக்காரர் அந்தக் காவலாளிதான். அப்புறம் கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு திசையில் கையைக் காட்டி எங்களைச் சுற்ற விட்டார்கள்.

கடைசியில் பட்டினப்பாக்கத்தில் ஒரு சந்து முனையில் காரை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கி நடந்தேன். ஆறு வந்தது. சேறு, நாற்றம், பிளாஸ்டிக் பைகள், எதிர்க்கரையில் மரங்கள். ஒரு பலகை இல்லை, ஒரு கல் இல்லை. இதற்கா இத்தனை அலைச்சல் என்று அவரைத்தான் மனசுக்குள் திட்டினேன். இருந்திருந்தால் இந்நேரம் கையை நீட்டி ஆரம்பித்திருப்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தங்கை பின்னாலேயே வந்து நின்றாள். பத்திரிகைப் பையைக் காரிலேயே விட்டிருந்தாள்.

“இங்க என்னக்கா இருக்கு?”

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் கை தானாக நீண்டது. தெற்கேயிருந்து பிரெஞ்சுக்காரர்களின் சின்னப் படை வந்ததையும், நாங்கள் நின்ற கரையில் நவாபின் பெரிய படை காத்திருந்ததையும், அவர்கள் தண்ணீரில் இறங்கிக் கடந்து வந்து அடித்ததில் இவர்கள் சாந்தோம் பக்கம் ஓடியதையும் சொன்னேன். எல்லாம் அவர் சொன்ன மாதிரியே வந்தது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

“அத்திம்பேர் மாதிரியே பேசறே” என்றாள்.

அடுத்த வீடு மந்தைவெளியில். வாசலில் கார் நின்றதும் வெயில் என்று ஆரம்பித்தாள். அதற்குள் நான் இறங்கிவிட்டேன். அவள் கையிலிருந்த குங்குமச் சிமிழைப் பிடித்தேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த வீட்டு மாமி, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கை சிமிழை விட்டாள்.

“அக்காகிட்ட எடுத்துக்கோங்கோ மாமி” என்றாள்.