அண்ணன் மாற்றிய ஆம்ப்ளிஃபையரும் பக்கத்து ஷெட் மிஷினும்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவி இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணி சார்பிலும் என் சார்பிலும் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்லது சொல்ல ஊரே இருக்கிறது. அவர் தலைகுனிந்த கதையைச் சொல்லத் தம்பி நான் ஒருவன்தான். அவரே சொல்லச் சொன்னார். ஆனாலும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டத்து வீட்டில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு அருள்புரம் வந்தார். எலக்ட்ரீசியனுக்கு எடுபிடியாகத் தொடங்கி, சுற்றுவட்டாரத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட்டுகளுக்கெல்லாம் அவரே எலக்ட்ரீசியன் ஆனார். என் படிப்பும் தங்கை கல்யாணமும் அவர் உழைப்பில் நடந்தவை. "அவரு பாத்துச் சொல்லீட்டா அப்பீல் இல்லீங்க" என்பார்கள் ஷெட் ஓனர்கள்.

அவருக்கு இருந்த ஒரே பித்து ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் ஆன்டெனா நட்டு, முகம் தெரியாத மனிதர்களோடு பேசுவார். "எங்கூடப் பேசறதுக்கும் ஒரு மைக்கு வேணுமாட்ட இருக்குது" என்பார் அண்ணி.

ஒரு லாரி கம்பெனி வயர்லெஸ்ஸை விட்டுச் செல்போனுக்கு மாறியபோது கழித்துப்போட்ட, அலையின் பலத்தைக் கூட்டும் வி.எச்.எஃப். ஆம்ப்ளிஃபையர் ஒன்று கோவையில் பழைய சாமான் கடையில் அவருக்குக் கிடைத்தது. அது கம்பெனிகளின் அலைவரிசைக்குச் செய்த பெட்டி. ஹாம்களுக்கு ஒதுக்கியது அதற்குச் சற்றுக் கீழே. செப்புச் சுருள்களை நெருக்கி, கண்டென்சர்களை மாற்றி, மெல்ல மெல்ல அதைக் கீழே இறக்கினார். அவர் பேச்சு ஏற்காடு வரை தெளிவாகக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தில், பெட்டி வேண்டாத அலைகளையும் சேர்த்துக் கக்குகிறதா என்று சோதிக்காமலே ஆன்டெனாவில் மாட்டிவிட்டார். அடுத்தவர் வேலையில் அப்படி விட்டிருக்கமாட்டார்.

அதே நாட்களில் பக்கத்து நிட்டிங் ஷெட்டில் ஒரு மிஷின் மாலையானால் தானாக நிற்க ஆரம்பித்தது. நின்ற இடமெல்லாம் துணியில் கோடு விழுந்தது. மிஷின் ஓட்டியவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். செல்போன் பார்ப்பதற்காக அவரே நிறுத்துகிறார் என்று ஓனருக்குச் சந்தேகம். அண்ணனைக் கூப்பிட்டார்.

அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு போனார். நூல் அறுந்தால் மிஷினை நிறுத்துகிற சென்சார், வயர், போர்டு எல்லாம் பார்த்தார். மிஷின் நிற்கவே இல்லை.

"மிஷின்ல ஒண்ணுமில்லீங்க. ஆள் கைதானுங்க" என்றார்.

"அண்ணாச்சி, நான் தொடவே இல்ல. நல்லாப் பாருங்க" என்றார் மிஷின் ஓட்டியவர்.

"பாத்தாச்சுங்க" என்று அண்ணன் வந்துவிட்டார்.

ஓனர் அவரைக் கணக்கு முடித்து அனுப்பினார். அவர் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது, வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன். யாரும் கிட்டே இல்லாமலே மிஷின் நின்றது. "பாத்தியளா?" என்றார் என்னிடம். எங்கள் வீட்டு ஜன்னல் வழியே அண்ணன் மைக்கில் பேசுவது கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் மைக்கைக் கீழே வைத்தார். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றினார். எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கிக்கொண்டிருந்தபோதே அந்த மனிதர் வீரபாண்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஓனர் வீடு தேடி வந்தார்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சுங்க. ஆளைத் தாட்டியுட்டதும் மிஷின் நிக்கறதே இல்லை."

அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் பெட்டியைத் திரும்ப மாட்டினார். "ஷெட்டுக்குப் போயி எல்லாரையும் மிஷின்கிட்ட நிக்கச் சொல்லு கண்ணு" என்று என்னை அனுப்பினார். அங்கிருந்து நான் போனில் சொன்னதும் மைக்கை அமுக்கினார். மிஷின் நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடி நின்றது. பிறகு அவரே வந்து, தன் பெட்டி கக்கிய அலைதான் சென்சாரை ஏமாற்றி மிஷினை நிறுத்தியது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஏனுங்க, எங்க மிஷினுக்கு உங்க ஊட்டுல சுவிட்ச் வெச்சிருக்கறீங்களா?" என்றார் ஓனர். ஷெட்டே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

மறுநாள் ஓனரையும் கூட்டிக்கொண்டு வீரபாண்டி போனோம். அந்த மனிதர் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "போட்டும் அண்ணாச்சி. ஓனரு ஏசினதக்கூடப் பெருசா நெனைக்கல. நீங்க பாத்துச் சொன்னிய பாருங்க, எம்பொண்டாட்டியே நம்பிட்டா" என்றார். பழைய இடத்துக்கு அவர் திரும்பவில்லை.

அதன்பிறகு அண்ணன் எந்த ஷெட்டிலும் "ஆள் கை" என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. "எனக்குப் புடிபடலீங்க, இன்னொருக்கா வந்து பாக்கறேன்" என்பார். தொழிலில் பேர் கொஞ்சம் இறங்கியது. அது தனக்கு வேண்டியதுதான் என்றார்.

கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவுகள், ரத்தம் கொடுத்த ஷெட் தொழிலாளர்கள், காற்றில் மட்டுமே பேசிப் பழகி அவர் போன அன்றுதான் நேரில் முகம் பார்க்க வந்த ரேடியோ நண்பர்கள், அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு இருக்கும்.

ஷிப்ட் முடிந்து வீரபாண்டியிலிருந்து வந்து, அண்ணன் கால்களைப் பிடித்துவிட்டவருக்கும் நன்றி. மலரில் பெயர் போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பேரப் போட்டா என்ன விசயம்னு கேப்பாவ. நான் தொடலன்னு மொதல்லருந்து சொல்லணும்லா."

அதனால் பெயர் இல்லை. யாரென்று ஊகித்தவர்கள் அவரை எங்கேனும் பார்த்தால், தயவுசெய்து ஒன்றும் கேட்க வேண்டாம்.