சூட்டுக்குப் பழகின ஆக்கள்

1. முதல் நாள்

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இருந்த ஒரு லோண்டரியில் பதினொரு வருடம் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் முதியோர் இல்லங்களின் துவாய்களும் அங்கேதான் சலவைக்கு வரும். இப்போது அப்படியான இடங்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலர், "அந்தக் காலத்திலை எப்பிடி அக்கா இருந்தது?" என்று கேட்கிறார்கள். நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தது இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து கொஞ்ச நாளில், ஒரு ஜனவரி மாதம். வெளியே சைபருக்குக் கீழே பத்து. மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறி, இன்னொரு ரயில் மாறி, பனிக்குள் கால் புதையப் புதைய நடந்து போனேன். மெசின்கள் ஓடுகிற பெரிய ஹோலின் கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. ஜக்கெட்டைக் கழற்றுவதற்குள் முதுகு நனைந்துவிட்டது.

ரூனார்தான் ஷெஃப், எங்களுக்கு மேலாளர். அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ருல்லாவைக் காட்டினான். ருல்லா என்பது விரிப்புக் காயவைத்துத் தேய்க்கிற பெரிய உருளை மெசின். இந்தப் பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பைப் பிடித்துக் கொடுக்க, கொதிக்கிற உருளைகளுக்குள்ளால் போய் அந்தப் பக்கம் காய்ந்து வரும். பக்கத்துச் சுவரில் ஒரு வெப்பமானி. முப்பத்துநாலு காட்டியது.

"சம்மரிலை இன்னும் ஏறும்," என்றான் ரூனார், எனக்கு விளங்குவதற்காக நோர்வேஜிய மொழியை ஆறுதலாகப் பேசி. "உங்களுக்குப் பிரச்சினை இல்லைத்தானே. நீங்கள் சூட்டுக்குப் பழகின ஆக்கள்."

எனக்குச் சூடு தெரியும். கலியாணமாகி நோர்வேக்கு வருவதற்கு முன் நாலு வருடம் வளைகுடாவில் ஒரு பாலைவனப் பட்டணத்தில், ஆஸ்பத்திரி லோண்டரியில்தான் இருந்தனான். மதியத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. அங்கத்தைய முதலாளி நல்லவன் இல்லை. எங்கள் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருந்தவன். ஆனால் ஹோலுக்குள் இரண்டு பெரிய குளிர்மெசின் ஓடும், வாசலில் ஐஸ் போட்ட தண்ணிப் பீப்பா இருக்கும். குடிக்காதே என்று ஒருவரும் சொன்னதில்லை. அங்கே நாங்கள் ஒருவரும் சூட்டுக்குப் பழகவும் இல்லை. அந்தப் பட்டணத்து ஆட்களே பழகவில்லை, மதியத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள்.

இதெல்லாம் ரூனாருக்குச் சொல்ல எனக்கு அப்போது மொழி போதாது. அதனால் சிரித்தேன். ருல்லாவில் நின்ற தமிழ்ப் பெண்களும் சிரித்தார்கள். பிறகு யார் புதிதாக வந்தாலும் ரூனார் இதையே சொன்னான், வந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவனைவிட எங்களில்தான் எனக்கு எரிச்சல்.

2. பவானி

கூரையில் இருந்த பெரிய காற்றாடி ஒரு வருடம் மே மாதம் நின்றுபோனது. "பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேணும்" என்றார்கள். அந்தச் சம்மர் போனது, அடுத்த சம்மரும் வந்துவிட்டது. பாகம் மட்டும் வரவில்லை. இதற்கிடையில் ஒருநாள் யாருடையதோ தண்ணிப் போத்தல் சரிந்து, மடித்து வைத்த விரிப்புகள் நனைந்துவிட்டன. அன்றிலிருந்து ஹோலுக்குள் போத்தல் கொண்டுவரக்கூடாது. தண்ணி வேண்டுமென்றால் மேல்மாடிச் சாப்பாட்டு அறைக்கு, அதுவும் இடைவேளையில்.

பவானி என்னோடு ருல்லாவில் ஈரப்பக்கம் நின்றவள். யாழ்ப்பாணத்தில் படித்து ஆசிரியையாக இருந்தவள், வயது முப்பது இருக்கும். தற்காலிக வேலைதான். புருஷன் கொழும்பில் ஒரு அறையில் விசாவுக்குக் காத்திருந்தான். நிரந்தர வேலைக் கடிதம் கிடைத்தால்தான் அவனைக் கூப்பிடலாம். ஓகஸ்டில் தருவதாக ரூனார் சொல்லியிருந்தான்.

அது ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை. வெப்பமானி நாற்பத்தொன்று. பத்து மணிபோல பவானி ரூனாரிடம் போய், தலை சுத்துது, தண்ணி குடிச்சிட்டு வரட்டோ என்று கேட்டாள். இடைவேளைக்கு அரை மணித்தியாலம்தான் இருக்கு என்று அனுப்பிவிட்டான். பத்து நிமிடத்தில் திரும்பவும் போனாள். அவன் கடிகாரத்தைக் காட்டினான்.

திரும்பி வந்து ஒரு விரிப்பை எடுத்தாள். மறுமுனையை நான் பிடித்திருந்தேன். என் கையில் துணி தளர்ந்தது. பார்க்கிறேன், அவள் முன்பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள். இடது கை மெசினின் சூட்டுத் தகட்டில் முழங்கை வரை படிந்து கிடந்தது. மயங்கிவிட்டதால் அவள் கையை இழுக்கவில்லை. நான்தான் இழுத்தேன். தோல் தகட்டோடு நின்றுவிட்டது.

3. கையெழுத்து

நாலு நாள் கழித்து, கைக்குக் கட்டோடு பவானியை ஒபிசுக்குக் கூப்பிட்டார்கள். விபத்து அறிக்கை நிரப்ப வேண்டும். மொழிபெயர்க்க என்னை வரச் சொன்னான் ரூனார். எங்களுக்குள் நோர்வேஜியன் கொஞ்சம் நல்லாகத் தெரிந்தவள் நான்தான்.

"காலமை சாப்பிட்டவளோ எண்டு கேள்," என்றான்.

கேட்டேன். பவானி பொய் சொல்லத் தெரியாதவள். "இல்லை அக்கா, வெள்ளிக்கிழமைதானே. தேத்தண்ணி மட்டும் குடிச்சனான். பத்து வருசமா இப்பிடித்தான், எனக்கு ஒண்டும் செய்யிறேல்லை. தண்ணி கேட்டனான் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு தரம் கேட்டனான்."

நான் இரண்டையும் சொன்னேன். ரூனார் எழுதினான். எழுதி என் பக்கம் திருப்பி வைத்தான். மத விரதத்தால் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுந்தார் என்று இருந்தது. தண்ணியும் இல்லை, காற்றாடியும் இல்லை.

"தண்ணி கேட்டது?" என்றேன்.

"நடந்ததுதான் எழுதியிருக்கு," என்றான் ரூனார். "ஓகஸ்டிலை அவளின்ரை வேலைக் கடிதம் என்ரை மேசைக்குத்தான் வரும். கெதியாக முடிப்பம்."

பவானி என்னைப் பார்த்தாள். "என்ன அக்கா எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்," என்றேன். "கையெழுத்து வை பிள்ளை."

வைத்தாள். நல்ல கையால், வடிவான ஆசிரியைக் கையெழுத்து.

அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. என் வேலையும் அந்த மேசையில்தான் இருந்தது.

4. நோட்டீஸ்

அடுத்த கிழமை ரூனார் ஒரு தாளோடு வந்தான். விரதம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே ஷெஃபுக்கு அறிவிக்க வேண்டும், அன்றைக்கு ருல்லாவில் நிற்க அனுமதி இல்லை என்று இருந்தது. "இதைத் தமிழிலை எழுதித் தா, ஒட்டவேணும்."

நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் நானும்தான் ஒருநேரச் சாப்பாட்டை விட்டு அதே மெசினில் நின்றிருக்கிறேன். "எழுதமாட்டன்," என்றேன். அந்த லோண்டரியில் ஷெஃபுக்கு முன்னால் நான் சொன்ன முதலாவது மறுப்பு அதுதான்.

வேலை முடிய நேரே ரொம்சோசில் பவானியின் வீட்டுக்குப் போனேன். கதவடியில் நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

"விரதத்தாலையோ?" என்றாள். "நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?"

"ஓம்."

"வாசிச்சிட்டுத்தான் வைக்கச் சொன்னனீங்கள்."

"ஓம்."

உள்ளே வரச் சொல்லவில்லை. "மாத்தி எழுதிக் குடுங்கோ," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எழுதினேன். அவள் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது எல்லாம் எழுதி, என் பெயரும் போட்டு ஒபிசில் கொடுத்தேன். பிரதி ஒன்றை அர்னெயிடம் கொண்டுபோனேன். அர்னெ லொறி ஓட்டுகிறவன், தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதியும் அவன்தான். ஹோலுக்குள் அவன் வந்ததே இல்லை. ருல்லாவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் நில் என்று கேட்டேன். ஆறாவது நிமிடம் வெளியே போய்ப் படியில் குந்திவிட்டான்.

"இதுக்கை நிக்கிற ஆள்தான் பிரதிநிதியா இருக்கவேணும்," என்றான். "நான் விலகுறன், நீ தேர்தலிலை நில். ஒண்டு தெரிஞ்சு வைச்சுக்கொள். உடம்புக்கு ஆபத்தெண்டால் மெசினை நிப்பாட்டப் பிரதிநிதிக்குச் சட்டத்திலை உரிமை இருக்கு. ஷெஃபைக் கேக்கத் தேவையில்லை."

ஹோலில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்குத்தான் வாக்குப் போட்டார்கள். ஓகஸ்ட் நடுவில் வெப்பமானி திரும்பவும் நாற்பதைத் தாண்டிய அன்று, நான் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். உருளைகள் நின்றன. அந்த ஹோல் சத்தமில்லாமல் இருந்து நான் அன்றுதான் கேட்டேன்.

ரூனார் ஓடிவந்தான். "ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீ?"

"கேக்கத் தேவையில்லை," என்றேன்.

வெளியே ஆஸ்பத்திரி லொறிகள் வெறுமையாக நின்றன. பின்னேரமே பெரிய மனேச்சர் வந்தார். மூன்றாம் நாள் காற்றாடி சுத்தியது. ஒன்றேகால் வருடமாக வராத பாகம் மூன்றே நாளில் வந்தது. திருத்திவிட்டார்களே என்று மற்றவர்கள் சந்தோசப்பட்டார்கள். எனக்கு அன்றுதான் கோபம் உச்சிக்கு ஏறியது. மூன்று நாள் வேலைக்காக ஒருத்தியின் கை வெந்துபோனது.

5. கடைசியாக

பவானிக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. "ஆள் தேவை குறைஞ்சிட்டுது" என்று ஒரு வரிக் கடிதம். என் திருத்தக் கடிதமும் அதற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். பிறகு அவள் மொழி படித்து, லோறென்ஸ்கூக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். புருஷன் வந்து சேர மேலும் இரண்டு வருடம் ஆனது.

அதன் பிறகு ஒரு தடவைதான் கதைத்தோம், பஸ்சில். அவளாகத்தான் பக்கத்தில் வந்து இருந்தாள். சம்மர், ஆனால் முழுக்கைச் சட்டை.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் அந்தப் பேப்பரை எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தாலும் நான் கையெழுத்து வைச்சிருப்பன். அவருக்காக வைச்சிருப்பன்," என்றாள். "ஆனால் தெரிஞ்சு வைச்சிருப்பன்."

அவளுடைய தரிப்பிடம் வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.

இன்றைக்கு வேலைத்தலங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஒபிசுகளிலும் உங்களை ஷெஃப்மார் கூப்பிடுவார்கள், இவவுக்குக் கொஞ்சம் தமிழில் சொல்லு என்று. நீங்கள் இங்கே பிறந்த பிள்ளைகள், மொழி தண்ணிபோல வரும். தாளில் இருக்கிற கடைசிச் சொல் வரைக்கும் சொல்லுங்கள். அவவுக்குத் தாங்காது என்று நீங்களாக நினைத்து ஒரு வரியையும் விழுங்காதீர்கள். நான் விழுங்கினேன். இன்னும் செமிக்கவில்லை.