ஒலி தெளிவாக இல்லாத இடம்

வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜைக்கு வருவதற்குள் புதுசு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் வார இதழ், மறு கையில் பை நிறைய ஐஸ்கிரீம் கிண்ணங்கள். அவள் எழுதிய கதை கோடை மலரில் வந்திருந்தது. முழுசாக இரண்டு பக்கம், படத்தோடு.

"உங்களுக்குத்தான் முதல்ல, காதக்கா" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

காதக்கா வாங்கிக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கிண்ணத்தைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஐஸ்கிரீம் உருகி, கரைந்து, கடைசியில் பாலாகி நின்றது. அவள் தொடவில்லை.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் புதுசு ஆனாள்; காதக்கா என்பதும் அலுவலகம் வைத்த பெயர்தான். தொலைக்காட்சியில் மறுபடி போடும் பழைய தொடர்களைக் கேட்டுக் கேட்டு, பாத்திரங்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் திரைக்கு அடியில் ஓடும் வரிகளாகத் தட்டுவது அவள் வேலை. காது கேளாதவர்களும் காது மந்தமானவர்களும் அந்த வரிகளை நம்பித்தான் தொடர் பார்க்கிறார்கள். நடிகர் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாலும் காதக்காவின் காது பிடித்துவிடும். பேர் வாங்கித் தந்த காது, ஆனால் அவள் ஆசைப்பட்ட பேர் அது இல்லை.

அவளும் கதை எழுதுகிறவள்தான். புதுசு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே எழுதுகிறாள். அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. பிறகு திரும்பி வருவதும் நின்றது, பதிலே இல்லை.

பொறாமை என்று அவளே ஒத்துக்கொள்ளத் தயார். ஆனால் எதன் மேல் என்று கேட்டால் கதையைச் சொல்லமாட்டாள், தாழ்ப்பாளைச் சொல்வாள். புதுசு தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. போட்டுவிட்டால் யாரும் வந்து உப்பு எங்கே, சட்டை எங்கே என்று கேட்க முடியாது. காதக்கா வீட்டில் மேஜை கணவருடையது, ஹால் மாமனாருடையது, சமையலறை மட்டும் பெருந்தன்மையோடு அவளுக்கே விடப்பட்டது. அவள் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டால் யாரும் ஏன் என்று கேட்காத ஒரே இடம் கழிப்பறை.

புதுசின் கதையையும் அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்துதான் படித்தாள். வார இதழைத் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்துப் போனாள். மோசமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் எதிர்பார்த்தாள். முதல் பத்தியில் ஒரு உவமை இடறியது, அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் கதை அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒருத்தி, கடைக்கு வந்த நாற்காலி ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. காதக்காவுக்குக் கண் கலங்கியது. கலங்கியது என்பதற்காக இன்னும் கோபம் வந்தது. மோசமான கதையை மன்னித்துவிடலாம். நல்ல கதையை என்ன செய்வது?

முகத்தைக் கழுவிக்கொண்டு இருக்கைக்கு வந்தாள். மத்தியான வெயில் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. ஏசி இருப்பது ஒளிபரப்புக் கருவிகள் இருக்கும் அறைக்கு மட்டும். கருவிகளுக்குச் சூடு ஏறினால் நிர்வாகத்துக்கு நஷ்டம், மனிதர்களுக்கு வேர்த்தால் அது சம்பளத்திலேயே அடக்கம். இதை ஒருமுறை அவள் மேலாளரிடம் சொல்லியும் இருக்கிறாள். அவர் நல்ல நகைச்சுவை என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அவள் கையில் இருந்தது ஒரு பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர். கோடை விடுமுறைக்கென்று சானல் அவசரமாகத் தூசி தட்டி எடுத்தது. பகலில் தட்டுவது சாயங்காலமே ஓடிவிடும். மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்பு. அதற்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்துவார். இந்த வாரம் திருத்தும் முறை புதுசுக்கு.

தொடரை எழுதியவர் போய்ச் சேர்ந்து நெடுநாளாகிறது. ஊரே அவரை மேதை என்றது. காதக்கா ஒவ்வொரு வசனத்தையும் தன் விரலால் தட்டியவள்; அவளுக்கு அந்த மேதையின் சூத்திரம் அத்துப்படி. கணவன் மனைவியை மட்டம் தட்டுவான். மனைவி "ஐயோ, போங்க" என்பாள். கூட்டம் சிரிக்கும். பெண்டாட்டியை இளப்பம் பேசினால் சிரிக்கும் கூட்டத்துக்கு மேதை எதற்கு, எந்த வீட்டு ஹாலிலும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அவளுக்குத் தோன்றும்.

அன்றைய காட்சியிலும் அதேதான். கணவன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். மனைவி அடுப்படியிலிருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "நாள் பூரா வீட்டுல சும்மாதானே இருக்க, உனக்கென்ன வேர்க்குது?" என்கிறான். மனைவி திரும்புகிறாள். வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் ஒலிநாடா கெட்டுப்போயிருந்தது. கரகரவென்று இரைச்சல். வாய் அசைவது தெரிகிறது, சொல் இல்லை. இரைச்சல் முடியும்போது கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கிறது.

அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. இந்த மாதிரி இடத்துக்கு விதி உண்டு: அடைப்புக்குறிக்குள் 'ஒலி தெளிவாக இல்லை' என்று போட வேண்டும். அதைத்தான் தட்ட ஆரம்பித்தாள். பக்கத்து மேஜையில் யாரோ புதுசிடம் கையெழுத்துக் கேட்டார்கள். வார இதழின் மேலேயே போட்டுக் கொடுத்தாள், வெட்கப்பட்டுக்கொண்டு.

காதக்காவின் விரல் நின்றது. தட்டியதை அழித்தாள். அந்தப் பெண்ணின் வாய் அசைவுக்குச் சரியாகப் பொருந்துகிற நீளத்தில் ஒரு வரியைப் போட்டாள்.

'நாளைக்கு நீங்க சும்மா இருங்க. சாயங்காலம் வீடு இதே இடத்துல இருந்தா நான் ஒத்துக்கறேன்.'

ஒரு தடவை படித்துப் பார்த்தாள். மேலே அனுப்பிவிட்டாள். உருகிய ஐஸ்கிரீமை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் ஹாலில் கூடிவிட்டார்கள். வீட்டில் மின்விசிறி இருப்பது ஹாலில் மட்டும். அது காற்றைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் தரும். மாமனாருக்கு ஏற்கெனவே காது மந்தம். கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னால், எனக்கென்ன காது செவிடா என்று கத்துவார். அதனால் திரையில் ஓடும் வரிகளை உரக்கப் படித்துக்கொண்டேதான் தொடர் பார்ப்பார். மருமகள் தட்டும் வரிகள்தான் அவை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தட்டுவது வேறு, எழுதுவது வேறு என்பதும் அவர் கட்சி.

அந்தக் காட்சி வந்தது. கணவன் வசனத்தை மாமனார் ரசித்துப் படித்தார். அடுத்த வரியையும் அதே வேகத்தில் படித்துக்கொண்டே போனவர் பாதியில் நின்று, முடித்து, பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். அவள் கணவரும் சிரித்தார்; பஸ் பணிமனையில் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் மனிதர், சாதாரணமாகச் சிரிக்கமாட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் அடுப்படி வாசலில் நின்று இருவரையும் பார்த்தாள். அவள் எழுதிய ஒரு வரிக்கு ஆட்கள் சிரிப்பதை இப்போதுதான் முதல்முறையாகக் காண்கிறாள்.

"வீடு இதே இடத்துல இருந்தாவாம்" என்று மாமனார் மறுபடி சொல்லிச் சிரித்தார். "எழுதியிருக்கான் பாரு. இப்ப எவன் எழுதறான் இந்த மாதிரி?"

"அது நான் எழுதினது மாமா."

"என்னது?"

அவள் உரக்கச் சொன்னாள். அந்த இடத்தில் நாடா கெட்டுப்போயிருந்தது, வாய் அசைவுக்குத் தானே ஒரு வரி போட்டேன் என்று விளக்கினாள். மாமனார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செத்தவன் மேலகூடப் பொறாமையாம்மா உனக்கு? இந்த வசனம் எனக்கு அன்னிக்கே மனப்பாடம். வந்த மறுநாள் ஆபீஸ் பூரா இதையேதான் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. மனிதர் நிஜமாகவே நினைவுகூர்ந்துகொண்டிருந்தார். யார் முதலில் சொன்னது, யார் புரையேறிச் சிரித்தது என்றுகூட வந்துவிட்டது. அவள் மத்தியானம் வேர்வையோடு தட்டிய ஒரு வரி, அவருடைய இளமைக்காலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பொற்காலம் என்று இவர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான் கட்டப்பட்டதோ என்று நினைத்தாள். உண்மையில் அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள்? ஐயோ, போங்க. வேறு என்ன சொல்ல விட்டிருப்பார்கள்?

"விடு, அப்பா சந்தோஷமா இருக்காரு" என்றார் கணவர்.

அடுப்படியில் தொலைபேசி அடித்தது. புதுசு.

"அக்கா, இப்பத்தான் பார்த்தேன். அந்த வரி உங்களோடதுதானே? அந்த இடத்துல வெறும் இரைச்சல்தான்னு எனக்குத் தெரியும். நாடாவைக் கம்ப்யூட்டர்ல இறக்கினதே நான்தான்."

காதக்கா அடுப்பைக் குறைத்தாள்.

"நான் சோத்தைக் கையில வெச்சுக்கிட்டே சிரிச்சேன். காலையில திருத்தற முறை என்னோடது. விதிப்படி எடுக்கணும். நீங்க சொன்னா அப்படியே விட்டுடறேன், யாருக்கும் தெரியாது."

ஹாலில் மாமனார் பக்கத்து வீட்டுக்காரரை வரவழைத்து, அந்த வசனத்தை நடித்தே காட்டிக்கொண்டிருந்தார். பாராட்டு முழுக்கச் செத்தவர் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்கு மத்தியானம் இன்னும் எத்தனையோ ஹால்களில் ஏறும். தொடர் முழுக்கப் பெண்டாட்டிக்கு ஒரு பதில்கூடக் கொடுக்காத மனிதர், பெண்களுக்காக அந்தக் காலத்திலேயே எழுதிய மேதை ஆகிவிடுவார். அதுவும் அவள் கையால். திரையில் வரும் எழுத்தை நம்பிப் பார்க்கிறவர்களுக்கு இல்லாததை இருந்ததாகக் காட்டியதும் உறுத்தியது. ஆனால் உறுத்தலைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"எடுத்துடு" என்றாள். "அடைப்புக்குறியே போட்டுடு."

"நல்ல வரிக்கா."

"நல்ல வரிதான். அதான் அந்த ஆளுக்குத் தர மனசில்லை."

புதுசு சிரித்தாள். காதக்கா போனை வைக்கப் போனாள், வைக்கவில்லை.

"உன் கதை படிச்சேன்."

மறுபக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. காலையிலிருந்து அந்தப் பெண் இதற்குத்தான் காத்திருந்திருக்கிறாள் என்று காதக்காவின் காதுக்குத் தெரிந்தது.

"நல்லா இருந்துச்சு. அந்த நாற்காலி ரொம்ப நல்லா இருந்துச்சு." நிறுத்தினாள். அதற்குமேல் பெருந்தன்மை வரவில்லை. "கடைசி பத்தி வேணாம். இழுவை."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றாள் புதுசு, கொஞ்சம் அடிபட்ட குரலில். அது காதக்காவுக்கு லேசாக இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுப்பை அணைத்தாள். பழைய மின்கட்டண ரசீதுகளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அதன் கதவிலும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. யாரும் போட்டதில்லை, துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். கிறீச்சென்று நகர்ந்து விழுந்தது.

"உள்ள காத்தே இல்லையே, அங்க என்ன பண்ற?" என்று கணவர் ஹாலிலிருந்து கேட்டார். "சாப்பாடு?"

"சும்மா இருக்கேன்" என்றாள் அவள். ரசீதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தின் உச்சியில் அந்த வரியை எழுதினாள். அதைச் சொல்கிற பெண்ணுக்கு வயது என்ன, வேலை என்ன என்று யோசிக்க ஆரம்பித்தாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை காகிதத்தில் விழுந்தது. துடைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.