காலால் பிறந்தவளின் இடுப்பு

எங்கள் ஊரில் ஆறு கிடையாது, கடலும் கிடையாது. கோயில் குளத்தில் தெப்பம் விடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் யாராவது நம்புவார்களா? அவருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். சாத்தனூர் அணையில் சவாரி போகிற மோட்டார் படகு எது மக்கர் செய்தாலும், பின்னால் மாட்டியிருக்கும் எஞ்சினைக் கழற்றி டெம்போவில் ஏற்றி, செங்கம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முன்கூடம்தான் பட்டறை. படுக்கிற அறை வரைக்கும் பெட்ரோல் வாசனை அடிக்கும்.

ஒவ்வொரு எஞ்சினும் ஒரு சிமெண்ட் மூட்டை கனம். தரையில் போட்டு வேலை செய்ய முடியாது, இடுப்பு உயர மர ஸ்டாண்டில் நிறுத்தியாக வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு ஆள் அவர். இன்னொரு ஆள் யார்? "இந்தா, ஒரு கை புடி" என்று சமையலறைப் பக்கம் குரல் வரும். ரசம் பொங்குகிறது என்று சொன்னாலும் அதே குரல்தான் திரும்ப வரும். கேஸை அணைத்துவிட்டுப் போவேன். அவர் கேட்பது என்னவோ ஒரு கைதான். போவது இரண்டு கையும், முதுகும், இடுப்பும். இப்படியே ஏழெட்டு வருஷம் தூக்கினேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நான் காலால் பிறந்தவள். தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எப்படியோ விஷயம் தெரிந்துபோய், தெரு முழுக்க என் காலைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், நெல் மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் வருவார்கள். வேங்கிக்காலில் ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு கிளார்க், ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, பேண்ட் சட்டையோடு எங்கள் கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறார். இடது காலால் மூன்று தரம் மிதிக்க வேண்டும். எனக்கு மிதிக்கவே பயம். முதுகெலும்பு என்ன பிசைந்த மாவா? பாதத்தைச் சும்மா வைத்து வைத்து எடுப்பேன். அதற்கே எழுந்து நின்று, "விட்டுப்போச்சு யக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் வாயைத் திறந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மழையில்தான் எனக்கு வந்தது. டெம்போவிலிருந்து இறங்கிய எஞ்சின் தெப்பலாக நனைந்திருந்தது. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போனதும் அவர் கை வழுக்கியது. "வுடாத, வுடாத!" என்று கத்தினார். கத்தியது எஞ்சினுக்காக. நானும் விடவில்லை. அப்படியே இடுப்பைத் திருப்பித் தாங்கினேன். முதுகுக்குள் படக்கென்று ஏதோ நகர்ந்தது. எஞ்சின் பத்திரமாக ஸ்டாண்டில் ஏறியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் ஆயிற்று. அதுவும் நானாக ஆட்டோ பிடித்துப் போனதுதான்.

டாக்டரம்மா என் இடது கால் கட்டைவிரலில் குண்டூசியால் குத்தினார். "தெரியுதாம்மா?" என்றார். மங்கலாகத் தெரிந்தது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்றார். "இனிமே குடத்தத் தாண்டி எதையும் தூக்காத. குனிஞ்சு எடுக்காத, முட்டிய மடிச்சு உக்காந்து எடு. பொருள வயித்தோட அணைச்சுப் புடி. இடுப்பத் திருப்பாத, காலத் திருப்பி வை. இத கேக்கலைன்னா இந்தக் காலு மரத்துப்போயிடும். அப்புறம் திரும்பி வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன். எஞ்சினை வயிற்றோடு அணைத்தால் புடவை என்ன கதி ஆகும் என்று அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எஞ்சின் ஸ்க்ரூ லூசா இருந்தா ராவு பகலா பாக்கறீங்க, இங்க ஒருத்தி காலு போவப்போவுதுன்னு சொல்றேன், சிரிக்கிறீங்களே!" என்றேன். "வெறும் புடிப்புதான், டாக்டருங்க எல்லாத்தையும் ஜாஸ்தியாதான் சொல்லுவாங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரிக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. "ஊரு இடுப்பையெல்லாம் சரி பண்ற யக்கா, உன் இடுப்ப நீயே மிதிச்சிக்க மாட்டியா?"

என் காலை என் முதுகில் நான் எப்படி வைப்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா காலால் பிறந்தவராம். ஆளுக்கு ஆள் சொல்ல, என் வீட்டுக்காரரே சைக்கிளில் உட்காரவைத்து என்னைக் கூட்டிப்போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் ஊரையே குப்புறப் போட்டவள் எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? அந்த அம்மா என்னைப்போல் ஏமாற்றுகிறவர் இல்லை. நிஜமாகவே மிதித்தார். மூன்றாவது மிதியில் உயிர் போய் உயிர் வந்தது. திரும்பும்போது சைக்கிளில் உட்கார முடியாமல் பஸ்ஸுக்கு நின்றேன்.

அதற்குப் பிறகு மரத்துப்போவது விரலிலிருந்து பாதத்துக்குப் பரவியது. ஒரு நாள் தேரடித் தெருவில் காய் வாங்கிக்கொண்டு போகிறேன், பின்னாலிருந்து பூக்காரி கூப்பிடுகிறாள், "யம்மா, செருப்ப வுட்டுட்டுப் போறியே!" பத்தடி தள்ளிக் கிடந்தது என் இடது செருப்பு. கழன்றதே தெரியவில்லை. வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னேன். "புதுச் செருப்பு வாங்கிக்க" என்றார் மனுஷன்!

சரி, கெஞ்சியும் பார்ப்போம் என்று, செயின் பிளாக் ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். சங்கிலியை இழுத்தால் எஞ்சின் தானாக மேலே போகும், லாரி பட்டறையில் பார்த்திருந்தேன். மேலே உத்தரத்தில் கொக்கி போட வேண்டும், வாடகை வீடு, ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். நான் கேட்கிறேன் என்றேன். பொம்பளை போய்க் கேட்டால் நன்றாக இருக்காது என்றார். சரி, பக்கத்தில் யாரையாவது கூப்பிடுங்கள் என்றேன். ஒரு கை பிடிப்பதற்கு ஆளைத் தேடுவார்களா என்றார். எதைச் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருந்தது. கடைசியில் எஞ்சின் தரையிலேயே கிடக்கும், அவர் உம்மென்று உட்கார்ந்திருப்பார், அணையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பான், நான்தான் போய்ப் பிடிப்பேன். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலும் வந்தது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே தூக்குகிறவளை யார் நம்புவார்கள்?

காணும் பொங்கலுக்கு அணையில் கூட்டம் அம்மும். எல்லாப் படகும் ஓட வேண்டும். அதற்கு முந்தின வாரம் எங்கள் கூடத்தில் மூன்று எஞ்சின் வந்து கிடந்தது. காலையில் வழக்கம்போல, "இந்தா, ஒரு கை புடி" என்றார்.

"முடியாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"முடியாதா? எனக்கா முடியாது?" என்று பல்லைக் கடித்தபடி தனியாகவே குனிந்தார். முட்டியை மடிக்கவில்லை. எஞ்சினைக் கையை நீட்டிப் பிடித்து, தூக்கிய வேகத்தில் இடுப்பைத் திருப்பினார். செய்யக்கூடாது என்று டாக்டரம்மா சொன்ன அத்தனையையும் ஒரே மூச்சில் செய்தார். எஞ்சின் தொம்மென்று விழுந்தது. அவர் அதன் பக்கத்தில் விழுந்தார். நல்ல வேளை, மேலே விழவில்லை.

ஆட்டோ கொண்டுவரட்டுமா என்றேன். தலையை ஆட்டினார். மெல்லப் புரண்டு, கையை ஊன்றிக் குப்புறப் படுத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம். வந்து மிதி" என்றார்.

"நான் மிதிக்க மாட்டேங்க."

"ஊருக்கெல்லாம் மிதிக்கிற, எனக்கு மிதிக்க வலிக்குதா?"

சொல்லிப் பிரயோஜனமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கினேன். எல்லாருக்கும் வைப்பதுபோல் லேசாகத்தான் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"ஐயோ! எடு, எடு! மொத்த பாரத்தையும் போடறியே!"

குனிந்து பார்த்தேன். என் பாதம் அவர் முதுகில் முழுசாக அமுங்கியிருந்தது. நான் இன்னும் அது காற்றில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வெச்சதே தெரியலீங்க" என்றேன்.

அவர் முனகிக்கொண்டே ஒருக்களித்துப் படுத்து என் பாதத்தை இழுத்துப் பிடித்தார். ஆயில் படிந்த விரலால் கிள்ளினார். "தெரியுதா?"

"இல்ல."

மறுபடி கிள்ளினார், நகம் பதிய. தோலில் ரத்தம் கட்டிச் சிவந்தது. அதைக் கண்ணால்தான் பார்த்தேன்.

"இப்போ?"

"இல்லீங்க."

கிள்ளிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து பார்த்து, "எத்தன நாளா இப்பிடி இருக்குது? எங்கிட்ட சொல்ல வேணாமா?" என்றார்.