கேட்காமல் மாறிய கிராஅத் குரல்

இன்று சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வைஃபை ஆம்பிளிஃபையரில் வழக்கமான குர்ஆன் கிராஅத்தைப் போட்டேன். ஓதுபவரின் கனத்த குரல் தகரப் பேணிக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து கேட்டது.

காது போகிறதென்று பயந்துவிட்டேன். உம்மாவுக்கும் இந்த வயதில்தான் காது மந்தமானது. கஹ்ஃப் சூறாவைக் கேட்டுக் கேட்டே பாடமாக்குகிறேன். இன்னும் பாதி கிடக்கிறது.

கட்டாரிலிருக்கும் கணவருக்கு அழுதுகொண்டே கோல் எடுத்தேன்.

"காதுக்கு ஒண்டுமில்ல புள்ள. ஆம்பிளிஃபையர் தன்பாட்டில அப்டேட் ஆகியிருக்கு. பேஸ், அந்தக் கனத்த சத்தம், குறைஞ்சிட்டு, அவ்வளவுதான்."

"என்னைக் கேக்காமலா?"

"ஓம், வைஃபை இருந்தா அது ஆரையும் கேக்காது."

அல்ஹம்துலில்லாஹ், காதுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பயம் போகவில்லை. எங்கோ இருப்பவர் என் வீட்டு ஓதலின் குரலை மாற்றலாமென்றால், நாளைக்கு எதை மாற்றுவார்?

ரவுட்டரைக் கழற்றிவிட்டேன். இப்போது நெட் இல்லாததால் பழைய குரலுமில்லை, புதிய குரலுமில்லை. திரும்பச் செருகவா, வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.